அஞ்சு நிமிஷத் தவளை

மூன்றேகாலுக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு மாடிப்படி ஏறி வந்த அனுசுயா, தட்டிக்கழிக்க இனி வீட்டில் வேலை எதுவும் மிச்சமில்லை என்று தெரிந்ததும் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அது சாப்பாட்டு மேஜை மேல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. இட்லிக்கு அரைத்தாயிற்று, பருப்பு டப்பாக்களை ஒன்றுக்கு இரண்டு தரம் துடைத்தாயிற்று, துவைத்த துணியை மடித்து, மடித்தது சரியில்லை என்று உதறி மறுபடியும் மடித்தாயிற்று. மேல்தொட்டி நிறைய முப்பத்தைந்து நிமிஷம் ஆகும். நிறைந்து வழிகிற சத்தம் கேட்டதும் கீழே போய் நிறுத்த வேண்டும். அதற்குள் இந்தத் தவளையை ஒரு கை பார்த்துவிடலாம், அஞ்சே நிமிஷ விளையாட்டு என்றுதானே மகள் எழுதியிருந்தாள். “அம்மா, குடைத் தவளைக்கு நானே ஒரு சின்ன கேம் செஞ்சிருக்கேன். அஞ்சு நிமிஷம்தான். விளையாடிப் பாரு. நாலு மணிக்குக் கூப்பிடறேன்.” நாற்பத்தொரு நாளைக்கு அப்புறம் மகளிடமிருந்து அம்மாவுக்கு நேராக வந்த முதல் சேதி இது, இடையில் வந்ததெல்லாம் அப்பா வழியாக, வடிகட்டி, சக்கரை போட்டு வந்தவை. கோதண்டம் ஆபீஸ் கிளம்பும் முன் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு, “இந்த அம்புக்குறியை அழுத்தினா நடக்கும், இந்த நீளப் பட்டனை அழுத்தினா குதிக்கும், பிளக்கை மட்டும் அசைச்சுடாதே அனு, பேட்டரி செத்துப்போச்சு, பிளக் ஆடினா எல்லாம் போச்சு” என்று சொல்லிவிட்டு, சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்ட மாதிரி ஒரு முகத்தோடு ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். பிளக்கைப் பற்றி. இந்த வீட்டில். இவளிடம். மனுஷருக்குச் சாமர்த்தியம் போதாது, இருந்திருந்தால் அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு ‘ஒயர்’ என்றாவது சொல்லியிருப்பார்.

நாற்பத்தொரு நாளைக்கு முன்னால் தாரிணி புனேயிலிருந்து கூப்பிட்டு, வேலையை விட்டுவிட்டேன், இனி கேம் செய்யப்போகிறேன் என்றபோது அனுசுயா சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான். “தவளை வந்து உனக்கு வடிச்சுக் கொட்டுமாடி?” அவ்வளவுதான். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. வைக்கப்பட்ட சத்தம்கூட இல்லை, இப்போதுள்ள போன்களில் கோபத்தைக் காட்ட ஒரு வசதியும் கிடையாது, முன்பெல்லாம் ரிசீவரை டங்கென்று வைத்தால் காதுக்குள் வலிக்கும், எவ்வளவு கோபம் என்று அளவு தெரியும். இன்றைக்கு நாலு மணிக்கு அவள் கேட்பாள், எப்படிம்மா இருந்துச்சு என்று. அப்போது என்ன சொல்வது. ‘நல்லா இருக்கு’ என்றால் அது நாத்தனார் வீட்டுச் சாம்பாருக்குச் சொல்கிற பதில், தாரிணிக்கு அது தெரியும், இருபத்தேழு வருஷமாகப் பக்கத்தில் நின்று கேட்டவள். ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்றால் இன்னும் மோசம், அது சாம்பார் ஊசிப்போயிருந்தால் சொல்வது. உள்ளதைச் சொன்னால் மறுபடி நாற்பத்தொரு நாள். அல்லது அதற்கப்புறம் நாளை எண்ணவே வேண்டியிருக்காது. இந்த நாக்கு இருக்கிறதே, நினைக்கும் முன்னால் நறுக்கிவிடும், கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் வாயில் விரலை வைத்துப் பதினைந்து நிமிஷம் உட்கார வைப்பார், எல்லாப் பிள்ளைகளும் அந்தப் பதினைந்து நிமிஷத்தில் அடக்கம் கற்றுக்கொண்டார்கள், அனுசுயா மட்டும் பதினாறாவது நிமிஷத்தில் சொல்ல வேண்டியதைக் கோத்துக்கொண்டாள்.

நீளப் பட்டனை அழுத்தினாள். திரை கறுத்து, நீலமாகி, மழை பெய்ய ஆரம்பித்தது. இடது ஓரத்திலிருந்து கட்டம் கட்டமாக ஒரு பச்சைத் தவளை சிவப்புக் குடையோடு எட்டிப்பார்த்தது. அட, இதே தவளைதான். அந்தப் பழைய டிவி கேமில், மஞ்சள் காசெட்டில், முள்ளையும் பள்ளத்தையும் தாண்டித் தாண்டி ஓயாமல் குதித்த அதே பிடிவாதம் பிடித்த தவளை. உலகத்தில் இந்தத் தவளைக்கு இன்னும் ரசிகர்கள் இருக்கிறார்களாம், நாற்பது பேர், கம்ப்யூட்டருக்குள்ளேயே கூடிக்கூடிப் பேசுவார்களாம், தாரிணிக்கு அதில் நல்ல பெயராம். கோதண்டம் அதைப் பெருமையாகச் சொன்னபோது, “நாற்பது பேரா, உறையூர் டவுன் பஸ்ஸே நிறையாதே” என்றாள் அவள். அம்புக்குறியை அழுத்தினாள். தவளை நடந்தது. முள் வந்தது. குதிக்கும் முன் மோதி, கிறீச்சென்று ஒரு சத்தத்தோடு மறைந்து மறுபடி முதலிலிருந்து. இது என்ன சத்தம், எங்கேயோ கேட்டது. மறுபடி மோதினாள். கிறீச். இன்னொரு தரம், வேண்டுமென்றே. கிறீச். நம் வீட்டு கேட்! எண்ணெய் போடச் சொல்லி எண்ணெய் போடச் சொல்லி அவர் போடாமலே விட்ட கேட். போன பொங்கலுக்கு வந்தபோது இந்தப் பெண் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீடெல்லாம் திரிந்தாள், கேட் பக்கம், அடுப்பு பக்கம், மொட்டை மாடியில். “குக்கர் விசிலை எதுக்குடி ரெக்கார்ட் பண்றே, புனேல குக்கர் விக்கறதில்லையா?” என்று கேட்டதற்கு, “உஸ்ஸ், பேசாதேம்மா, உன் குரலும் விழுந்துடும்” என்றாள். குரல் விழுந்தால் என்ன குறைந்துவிடும் என்று அப்போது மனசில் ஒரு முள் தைத்தது, தைத்ததை எடுக்க நேரமில்லை, அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. இப்போது தவளை முள்ளைத் தாண்டியது. தாண்டினதும் குக்கர் ஒரு விசில் அடித்தது. அனுசுயாவுக்குச் சிரிப்பு வந்தது. தனியாக இருக்கும்போது வருகிற சிரிப்பு ஆதலால் அதை யாரிடமிருந்தும் மறைக்க வேண்டியிருக்கவில்லை.

பள்ளத்தில் ஏழு தரம் விழுந்தாள். எட்டாவது தரம் தாண்டி, கல்சுவரில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கினால் மழை கொஞ்சம் கனத்திருந்தது, தவளையின் நடை மெதுவாகியிருந்தது, வலது ஓரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கதவு. அந்தக் கதவைப் பார்த்ததும் அவள் விரல் பட்டனைவிட்டு எழுந்துகொண்டது. கதவு. இந்தக் கதவுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, இதே கூடம், இதே சுவர் ஓரம், டிவி முன்னால் பாவாடையை முழங்காலுக்குமேல் சுருட்டிக்கொண்டு தாரிணி. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு மூன்று மாசம். காலையிலிருந்து இரண்டு தரம் சொல்லியாயிற்று. மூன்றாம் தரம் குதிகால் வலியோடு சமையலறையிலிருந்து வந்தாள். டாக்டர் தரையில் வெறுங்கால் வைக்காதீங்க என்று சொன்னதிலிருந்து வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்புத்தான், வலது கால் டப்பென்று விழும், வலிக்கிற இடது கால் சரக்கென்று இழுபடும், சரக் டப், சரக் டப், அந்தச் சத்தம் வரும்போதே பெண்ணின் தோள் காதுவரை ஏறியதைப் பின்னாலிருந்து பார்த்தாள். “அஞ்சே நிமிஷம்மா, மூணு வாரமா ஆடி இப்பத்தான் கடைசிக் கதவுக்கு வந்திருக்கேன், திறக்கப்போகுதும்மா, இத நிறுத்தி வெச்சு அப்புறம் ஆட முடியாதும்மா, அஞ்சே நிமிஷம்.” ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள் அனுசுயா. ஸ்விட்சைக்கூடத் தொடவில்லை. பிளக்கையே பிடித்துப் பிடுங்கினாள். திரையின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மினுக்கி அணைந்தது. பெண் அழவில்லை. அழுதிருந்தால் இவளும் இரண்டு அடி கொடுத்து, அப்புறம் மனசு கேட்காமல் சாயங்காலம் கேசரி கிளறியிருப்பாள், வழக்கப்படி எல்லாம் சரியாகியிருக்கும். அவள் எழுந்து கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரம் பழைய சாமான் வாங்குகிறவன் வந்தபோது டிவி கேமையும் காசெட்டையும் போட்டு அனுசுயா ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் மக் வாங்கினாள். அந்த மக் இன்னும் குளியலறையில் இருக்கிறது. பிடி உடைந்துவிட்டது. தூக்கிப்போடத் தோன்றுவதில்லை. தாரிணி வரும்போதெல்லாம் அந்த மக்கில்தான் குளிக்கிறாள், ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை, அதுதான், சொல்லியிருந்தால் இவள் பதில் வைத்திருந்தாள்.

பரீட்சையில் நானூற்று எண்பத்தொன்று வாங்கினாளே. வாங்கினாளா இல்லையா. அதைப் பேச மாட்டார்கள். கதவைத்தான் பேசுவார்கள். யார் பேசினார்கள், ஒருவரும் பேசவில்லை, இவளே தனக்குள் வக்கீல் வைத்துக்கொண்டு, எதிர்க்கட்சிக்கும் தானே வாதாடி, மத்தியான வேளையில் இது என்ன கிறுக்கு. தவளையை அம்புக்குறியால் கதவில் முட்டவைத்தாள். திறக்கவில்லை. குதிக்கவைத்தாள். தலையில் இடித்துக்கொண்டு குடை ஆடியது. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று தாரிணிக்குத் தெரியாது, பார்க்க விடவில்லையே. ஆகவே இப்போது உட்கார்ந்து, தானே யோசித்து, தன் கையாலேயே ஒன்றை அதற்குள் வைத்திருக்கிறாள். எதை வைத்திருப்பாள். இந்த மாதிரி விளையாட்டுகளில் கடைசிக் கதவுக்குப் பின்னால் ஒரு ராட்சசி இருப்பாள் என்று அவளே சின்னவளாக இருக்கும்போது சொல்லியிருக்கிறாள், கடைசியில்தான்மா பெரிய எதிரி. பெரிய எதிரி. அன்றைக்கு இவள் போட்டிருந்த மஞ்சள் நைட்டி. கொண்டை. கையில் கரண்டி, கரண்டியின் நுனியில் ஒயர், ஒயரின் நுனியில் பிளக். நாற்பது பேர் அதைப் பார்த்திருப்பார்கள். யார் யாரோ, எந்தெந்த ஊரிலோ, அவரவர் பாஷையில், ஐயோ இந்தப் பொம்பளையைப் பாருங்கடா என்று சிரித்திருப்பார்கள், நைட்டியில் கொடி மாதிரி போட்டிருக்கும் பூவைக்கூடக் கட்டம் கட்டமாக வரைந்திருப்பாள், அவள் எதிலும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை, அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அனுசுயா எல்லாப் பட்டனையும் அழுத்தினாள். மேலே இருக்கிறது, கீழே இருக்கிறது, எதற்கென்றே தெரியாதது. கதவு அசையவில்லை. திறக்காமலே இருக்கட்டும் என்று ஒரு மனசு, திறந்து தொலை, உன்னையும் பார்த்துவிடுகிறேன் என்று ஒரு மனசு.

மழை இன்னும் கனத்துப் பெய்தது. நன்றாகத்தான் பெய்யவைத்திருக்கிறாள். சிமெண்டுத் தரையில் உயரத்திலிருந்து தண்ணீர் சொரிகிற சத்தம், அதற்குள் ஒரு உலோகச் சத்தம், அதற்கும் உள்ளே ஒரு முணுமுணுப்பு. கேட்கக் கேட்கக் கண் செருகிற்று. பட்டனை விட்டுவிட்டுக் கன்னத்தைக் கையில் ஊன்றிக்கொண்டாள், அவள் சும்மா இருந்ததும் தவளையும் குடைக்குக் கீழே சும்மா இருந்தது. கான்வென்ட்டில் மத்தியான ஸ்டடி ஹவரில் இப்படித்தான் மழை பெய்யும், ஓட்டுக்கூரையில் பெய்கிற மழை, மேஜைக்கு அடியில் மடியில் ஒளித்து வைத்த கதைப் புத்தகம். கப்பலில் போகிற ஒரு பெண்ணின் கதை. கடைசி நாலு பக்கம் இருந்தபோது மேலே ஒரு நிழல் விழுந்தது, சிஸ்டரின் கை நீண்டது, புத்தகம் அலமாரிக்குப் போய் அலமாரி பூட்டப்பட்டது. வருஷக் கடைசியில் தருகிறேன் என்றார், தரவில்லை, மாற்றலாகிப் போய்விட்டார். கப்பல் கரைக்கு வந்ததா. அந்தப் பெண் இறங்கினாளா. கல்யாணமான புதிதில் தூக்கம் வராதபோதெல்லாம் அனுசுயா அவளை இறக்கிவிட்டுப் பார்ப்பாள், ஒரு நாள் கரையில் யாரோ காத்திருப்பார்கள், ஒரு நாள் ஒருவரும் இருக்க மாட்டார்கள், ஒரு நாள் கப்பலே திரும்பிவிடும். தாரிணி பிறந்த பிறகு அதற்கும் நேரமில்லை. இதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது புத்தகம். இது தவளை. மழை பெய்துகொண்டே இருந்தது, கூடத்தின் வெளிச்சம் நீலமாகத் தெரிந்தது, மேஜைக்கு அடியில் பிளக் ஆடாமல் இருக்க அதன்மேல் பாதத்தைப் பட்டும் படாமலும் வைத்திருந்தாள், எதையோ இப்படிக் காவல் காத்து எத்தனை வருஷம் ஆயிற்று, கைக்குழந்தை தூங்கும்போது தொட்டில் கயிற்றைக் கால்விரலில் மாட்டிக்கொண்டு இப்படித்தான் கண்ணயர்வாள்.

“அக்கா! அனுக்கா!”

மழைக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

“யக்கா, தூங்கிட்டீங்களா? தொட்டி வழியுதுக்கா! காய வெச்ச மொளகாயெல்லாம் மெதக்குது!”

கீழ் வீட்டில் குடியிருக்கும் ஜமீலா. அனுசுயா தூக்கிவாரிப்போட நிமிர்ந்தாள். கடிகாரத்தில் மூன்று ஐம்பத்தாறு. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால், வெளியே சொரிகிற சத்தமும் லேப்டாப்புக்குள் சொரிகிற சத்தமும் ஒன்றின்மேல் ஒன்றாக, பிரித்தெடுக்க முடியாமல், ஒரே சத்தம். அடிப்பாவி. மழையே இல்லை இது. நம் வீட்டுத் தொட்டி வழிகிற சத்தம். மொட்டை மாடியில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அது இதற்கா. பதினெட்டு வருஷமாக இந்தச் சத்தம் கேட்டால் எந்த வேலையில் இருந்தாலும் போட்டது போட்டபடி ஓடுகிறவள், அதே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்திருக்கிறாள், மழையாம் மழை. பாதத்தைப் பிளக்கிலிருந்து பதனமாக எடுத்தாள். எழுந்து ஓடினாள். மாடியிலிருந்து இறங்கிய தண்ணீர் படியெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, செருப்பு வழுக்கியது, இரண்டையும் மேல்படியிலேயே உதறிவிட்டு, வெறுங்காலோடு, குதிகால் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு இறங்கி மோட்டாரை நிறுத்தினாள்.

“என்னக்கா, நீங்க தண்ணி வழிய விட்டு நா பாத்ததே இல்லியே. ஒடம்பு சரியில்லியா?” ஜமீலா முறத்தோடு நின்றாள்.

“கேம் வெளையாடிட்டு இருந்தேன்.”

ஜமீலா முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏற இறங்கப் பார்த்தாள். “சும்மா சொல்லாதீங்கக்கா.”

“தவளைக் கேம். மொளகா எவ்வளவு போச்சோ நா தரேன், இப்ப என்னைப் பேச வைக்காதே, மேல வேலை இருக்கு.”

படியேறி வந்து கூடத்துக்குள் நுழைந்தபோது வெளியே தண்ணீர் நின்றுபோயிருந்தது. உள்ளே மட்டும் இன்னும் பெய்தது. திரையைப் பார்த்தாள். கதவு திறந்திருந்தது. யாரும் தொடவில்லை. தொடாததால்தான் திறந்திருக்கிறது என்று புரியச் சிறிது நேரம் பிடித்தது, புரிந்ததும் வாய்க்குள் ஒரு வசவு வந்து, வசவாக முடியாமல் நின்றது. சும்மா விட்டால் திறக்கிற கதவு. முட்டினால் திறக்காது, குதித்தால் திறக்காது, தவளையைத் தன் பாட்டில் கொஞ்ச நேரம் நிற்க விட வேண்டும். உட்காரவில்லை. நின்றுகொண்டே, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு விரலால் அம்புக்குறியை அழுத்தினாள். தவளை வாசலைத் தாண்டி உள்ளே போயிற்று.

ஒரு அறை. மஞ்சள் வெளிச்சம். பாய் விரித்த தரை, சுவரோரம் ஒரு குட்டி டிவி, டிவிக்குப் பக்கத்தில் ஸ்விட்ச் போர்டு, அதில் சிவப்புப் புள்ளியாக விளக்கு எரிகிறது. ராட்சசி இல்லை. மூலை மூலையாகத் தேடினாள், தவளையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடத்திப் பார்த்தாள், மஞ்சள் நைட்டி இல்லை, கரண்டி இல்லை, யாருமே இல்லை. நெஞ்சுக்குள் கட்டியிருந்தது ஒன்று இளகியது, இளகின கையோடு வேறொன்று கட்டிக்கொண்டது. நான் இல்லையா. ராட்சசியாகக்கூட வைக்கத் தோன்றவில்லையா. அவ்வளவு துப்புரவாகத் துடைத்துவிட்டாளா. அப்போது சத்தம் கேட்டது.

சரக். டப். சரக். டப்.

அனுசுயா குனிந்து தன் காலைப் பார்த்தாள். வெறும் கால். ஈரம். அசையாமல்தான் நிற்கிறாள். செருப்பு வெளியே மேல்படியில் கிடக்கிறது. சத்தம் வந்துகொண்டிருந்தது, சமையலறைப் பக்கத்திலிருந்து வருகிற மாதிரி, அவளுக்குப் பின்னாலிருந்து அவளே வருகிற மாதிரி, சரக் டப், கூடத்தைத் தாண்டி, நெருங்கி, இன்னும் நெருங்கி. அவள் தோள் தானாக மேலேறியது. காதுவரை ஏறியது. இப்படியா இருக்கும். இப்படியா இருந்தது அந்தப் பெண்ணுக்கு, ஒவ்வொரு தரமும். சத்தம் தவளையின் கதவுக்கு வெளியே வந்து நின்றது. நின்றேவிட்டது. மஞ்சள் அறைக்குள் தவளை நின்றது. கதவுக்கு வெளியே அவள் நின்றாள். கதவுக்கு இந்தப் பக்கம், திரைக் கண்ணாடிக்கும் இந்தப் பக்கம், ஈரக் காலோடு இன்னொருத்தி நின்றாள். பிடுங்கிவிடாதே, என்று மனசுக்குள் சொன்னாள், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல். ஒன்று எண்ணாதே. இரண்டு எண்ணாதே. கொஞ்சம் பொறு, பிள்ளை உள்ளே இருக்கிறாள்.

போன் அடித்தது. நாலு மணி. பெயர் பளிச்சென்று எரிந்தது. நாற்பத்தொரு நாளாகக் கோத்து வைத்ததெல்லாம் அறுந்து உதிர்ந்து ஒன்றும் மிச்சமில்லை.

“அம்மா.” குரல் ஜாக்கிரதையாக இருந்தது. “வெளையாடினியா? எப்படி…”

“தாரிணி, போனை வை.”

“என்னம்மா?”

“வெளிய வந்து நிக்கறாடி. இன்னும் என்ன பண்ணப்போறான்னு தெரியல. நடுவுல கூப்பிட்டு உசிர வாங்காதே. அஞ்சே நிமிஷம். அப்பறம் கூப்பிடு.”

அந்தப் பக்கம் ஒரு மூச்சு, சிரிப்பா, மூக்கை உறிஞ்சியதா, நின்று தெரிந்துகொள்ள அனுசுயாவுக்கு நேரமில்லை. “சரிம்மா,” என்று மட்டும் கேட்டது. “அஞ்சு நிமிஷம்.” போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பட்டனைத் தொடவில்லை. நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்து உட்கார்ந்து, ஈரப் பாதத்தைத் துடைத்து மறுபடி பிளக்கின்மேல் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டு, கையிரண்டையும் மடியில் வைத்தாள். ஸ்விட்ச் போர்டில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெகுநேரம் மாதிரி இருந்தது. பிறகு கதவுக்கு வெளியே செருப்பு மெதுவாகத் திரும்பியது. சரக். டப். கூடத்தைத் தாண்டிற்று. சரக். டப். சமையலறைப் பக்கம் போய்த் தேய்ந்தது. எங்கேயோ ஒரு கரண்டி பாத்திரத்தில் தட்டும் ஓசை. மழை நின்றது. தவளை முதல் தடவையாகக் குடையை மடக்கி, மூலையில் சாத்திவிட்டு, பாயில் டிவிக்கு எதிரே உட்கார்ந்தது.